பிரியவதனி அக்காவின் வினைமுற்று

முதல் வரியை அவர் வாசிப்பதில்லை. காலைப் படகு அணைந்து, பத்திரிகைக் கட்டு இறங்குதுறையின் சீமெந்துத் தரையில் தொப்பென்று விழுந்ததும், கயிற்றை பிளேட்டால் அறுத்து, மேலே கிடக்கும் பிரதியை உருவி, நெடுந்தீவுச் செய்தி எந்தப் பக்கத்தில் என்று தேடிப் பிடிப்பார். பிறகு ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லிலும் விரலை வைத்து வைத்துக் கீழே இறங்குவார். கூறினார். சேதமடைந்தன. கோரியுள்ளனர். உயிரிழந்தது. விரல் எங்கும் தடக்காமல் இறங்கிவிட்டால் அன்றைய பொழுது நல்ல பொழுது. தடக்கினால், பக்கத்தில் நிற்பவர் சுகம் விசாரித்தாலும் மறுமொழி வராது.

“ஆர், எங்கை, எப்ப எண்டதிலை அவங்கள் கை வைக்கமாட்டாங்கள்,” என்பார். “என்ன செய்தது எண்டதிலைதான் வைப்பாங்கள். அது வசனத்தின்ரை வால் நுனியிலை கிடக்கும்.”

பிரியவதனிக்கு வயது நாற்பத்தேழு. கட்டையான உருவம், விறுவிறுவென்ற நடை. பேனையை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். இறங்குதுறையிலிருந்து ஐம்பது கஜம் தள்ளி அவருடைய கடை. போட்டோப்பிரதி எடுக்கலாம், கொப்பி பென்சில் வாங்கலாம், தொலைபேசிக்கு ரீலோட் போடலாம். யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றின் தீவு முகவரும் அவர்தான், தீவு நிருபரும் அவர்தான். பதினான்கு வருடமாகப் பத்திரிகையில் ‘நெடுந்தீவு நிருபர்’ என்று மட்டுமே போடுகிறார்கள். அது யார் என்பது தீவின் மாடுகளுக்குக்கூடத் தெரியும் என்று அவருடைய கணவர் உதயன் பகிடி விடுவார். உதயன் மாடு வளர்ப்பவர்.

செய்தியை அவர் எழுதி அனுப்புவதில்லை. தொலைபேசியில் சொல்லித்தான் அனுப்புவார். கடைக்குப் பின்னால் உள்ள கல்வேலியின் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் அறுபடாது. ஒரு கையால் பூவரசங் கொப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் தொலைபேசியோடு, உரத்த குரலில் வசனம் வசனமாகச் சொல்லுவார். ஒவ்வொன்றின் முடிவிலும் “முற்றுப்புள்ளி” என்பார். கடற்கரையில் வலை பொத்துகிறவர்கள் நாளைய செய்தியை இன்றைக்கே கேட்டுவிடுவார்கள். முற்றுப்புள்ளி அக்கா என்ற பட்டம் அப்படித்தான் வந்தது. “எழுதி அனுப்பினா வாசிக்காமலே வெட்டுவாங்கள். வாயாலை சொன்னா ஒருக்காலெண்டாலும் கேட்டுத்தானே ஆகோணும்?”

அவருடைய வாயில் வராத சொற்கள் சில உண்டு. பரபரப்பு என்று சொல்லமாட்டார். அதிரடி என்று சொல்லமாட்டார். பலி என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்பார். “பலி கோயில்லை குடுக்கிறது. மனுசர் செத்தா செத்துப்போச்சினம். வேணுமெண்டா உயிரிழந்தார் எண்டு போடுங்கோ.”

பிறப்பிலேயே வந்த குணமல்ல இது. எட்டு வருடங்களுக்கு முன்பு, ‘மாடு திருடிய இருவர் கைது’ என்று அவரே ஒரு செய்தி சொன்னார். கைது உண்மை. இருவரில் ஒருவன் பத்தொன்பது வயது ஷாருஜன். யாரோ கூலிக்குக் கேட்டதால் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தை ஓட்டிப்போனவன். ஏற்றியது களவு மாடு என்று அவனுக்குத் தெரியாது. வழக்கு நிற்கவில்லை, விடுதலையானான். ஆனால் ‘திருடிய’ என்ற சொல் விடுதலையாகவில்லை. கடைத்தெருவில் அந்தச் சொல் அவனுக்கு முன்னால் நடந்தது. ஆறு மாதத்தில் ஊரை விட்டே போய்விட்டான். இன்றைக்கும் அவனுடைய தாய் இந்தக் கடையைக் கடக்கும்போது கடல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் போவார். பிரியவதனி அவரைக் குறை சொல்வதில்லை. “ஒரு பெயரெச்சம் ஒரு பெடியனைக் கலைச்சுப் போட்டுது. சொன்ன வாய் என்ரை வாய்,” என்பார். அதன் பிறகுதான் விரல் வசனத்தின் கடைசிக்குப் போகத் தொடங்கியது.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த விரல் முதற்பக்கத்திலேயே தடக்கியது.

நடந்தது முதல் நாள், வியாழக்கிழமை காலை. தீவின் மேற்குப் பக்கத்தில், அக்கரையான தமிழ்நாட்டிலிருந்து வந்த இழுவைப் படகு ஒன்று இயந்திரம் நின்று, காற்றில் இழுபட்டு, கடற்பாறைத் திட்டான பாரில் அடித்துப் பிளந்தது. இழுவைப் படகென்றால் தீவில் யாருக்கும் வயிறு எரியும். அவை வந்து போன பிறகு கடலில் போட்ட வலை இருக்காது. நூலும் மிதவையும்தான் மிஞ்சும். றொபின்சனின் வலை அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அறுந்திருந்தது. முப்பத்தைந்து வயது, முன்கோபக்காரன். கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால், “ஒருத்தன் கையிலை அம்பிடட்டும், சும்மா விடமாட்டன்,” என்று கத்தியிருந்தான். வியாழன் காலை, மிஞ்சிய வலையைத் தேடி அவனும் மைத்துனன் எமிலியானுஸும் படகில் போனபோதுதான் நாலு பேர் அலையில் தத்தளிப்பதைக் கண்டார்கள்.

பிரியவதனி கரைக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூன்று பேர் நடுங்கிக்கொண்டு மணலில் இருந்தார்கள். றொபின்சனின் மனைவி துசாரா கேத்திலோடு வந்து தேத்தண்ணி வார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது மனிதரைப் படகுப் பாயால் மூடியிருந்தார்கள். றொபின்சன் அதற்குப் பக்கத்தில், ஈரச் சேட்டோடு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குந்தியிருந்தான். கேட்டதற்கெல்லாம் எமிலியானுஸ்தான் மறுமொழி சொன்னான். பிரியவதனி உயிரோடு இருந்தவர்களில் ஒருவரிடம் குனிந்து, செத்தவரின் பெயரைக் கேட்டார். முனியராஜ், ஐம்பத்திரண்டு வயது, இரண்டு பெண்பிள்ளைகள். கையில் எழுதிக்கொண்டார். கடற்படைப் படகு வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனது.

பதினொன்றரைக்குக் கல்வேலியில் ஏறினார். மறுமுனையில் செய்திப் பிரிவுத் தம்பி சுஜிதன்.

“பாரில் மோதி உடைந்த இழுவைப் படகிலிருந்து மூவரை நெடுந்தீவு மீனவர்கள் காப்பாற்றினர். முற்றுப்புள்ளி. முனியராஜ் என்ற மீனவர் உயிரிழந்தார். முற்றுப்புள்ளி.”

தட்டச்சுச் சத்தம் நின்றது. “அக்கா, காப்பாற்றினர் எண்டோ போடுறது?”

“வேறை என்ன?”

“வலை அறுக்க வந்தவங்களை... சனம் பேசுமக்கா. எங்கடை ஆக்களுக்கு இதென்ன பெருமை?”

“பெருமைக்கோ சொல்லுறன்? தண்ணிக்குள்ளை கிடந்தவையைத் தூக்கினவை. அதுக்குத் தமிழிலை அதுதான் சொல்லு. அடியும்.”

அவன் அடித்தான். அடிக்கும் சத்தம் கேட்ட பிறகே இவர் வேலியிலிருந்து இறங்கினார்.

வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில், எட்டுப் பத்திக்கும் நீண்டு கறுத்த எழுத்து: ‘அத்துமீறிய இழுவைப் படகை மடக்கிப் பிடித்தனர் நெடுந்தீவு மீனவர், அதிரடியில் ஒருவர் பலி.’

விரல் ‘பிடித்தனர்’ என்ற இடத்தில் நின்றது. பிறகு ‘பலி’க்குப் போய், திரும்ப ‘பிடித்தனர்’ என்ற சொல்லுக்கே வந்தது. பத்திரிகை வாங்க வந்தவர்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கைதட்டினார். அன்றைக்கு ஒன்பதரைக்கு முன்பே எல்லாப் பிரதிகளும் முடிந்தன. சங்கத் தலைவர் கந்தப்பு நாலு பிரதி வாங்கிப் போனார். றொபின்சனும் வந்தான். தலைப்பை இரண்டு தரம் வாசித்தான். வெட்கப்பட்ட மாதிரி ஒரு சிரிப்பு.

“அப்பிடி நடக்கேல்லையே, றொபின்சன்.”

“ஓமக்கா, நடக்கேல்லைத்தான். விடுங்கோ, நல்லாத்தானே போட்டிருக்கு. ஒருநாளெண்டாலும் எங்களை ஆம்பிளையள் எண்டு எழுதினாங்களே.”

“அதிரடியிலை ஒருவர் பலி எண்டா என்ன அர்த்தம் எண்டு யோசிச்சனீரோ?”

சிரிப்பு நின்றது. ஆனால் பின்னால் நின்றவர்கள் முதுகில் தட்டினார்கள். அவன் அவர்களோடு போய்விட்டான்.

அவர் வேலியில் ஏறி சுஜிதனை அழைத்தார். முதல் நாள் பகலோடு இரவு வேலையையும் முடித்துத் தூங்குகிறவனின் தொலைபேசி அணைந்திருந்தது. அலுவலக இலக்கத்துக்கு அழைக்க, இணையப் பதிப்பைப் பார்க்கும் பெண் எடுத்தாள். “மாத்தச் சொல்லுங்கோ பிள்ளை, சுறுக்கா மாத்தச் சொல்லுங்கோ.” “என்னாலை ஏலாதக்கா, ஆசிரியர் சொல்லோணும். இருபதாயிரம் பேர் பாத்திட்டினம்,” என்றாள் அவள். அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

மத்தியானத்துக்குள் அந்தச் சொல் கடலைக் கடந்துவிட்டது. அக்கரைத் தொலைக்காட்சி ஒன்றில் சிவப்புப் பட்டியில் ஓடியது: ‘தமிழக மீனவர்கள் சிறைபிடிப்பு, கொடூரத் தாக்குதலில் ஒருவர் கொலை, ஒப்புக்கொண்டது இலங்கைப் பத்திரிகை.’ திரையில் இவருடைய பத்திரிகையின் முதற்பக்கம். கொழும்பில் ஒரு தொலைக்காட்சி, ‘சட்டவிரோத மீன்பிடியாளருக்கும் உள்ளூர் மீனவருக்கும் இடையே மோதல்’ என்றது. கடையில் உள்ள சின்னத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக இவற்றைப் பார்த்தபடி பிரியவதனி நின்றார். செத்தது ஒரே மனிதர். ஒன்றில் அவர் கொல்லப்பட்டார், ஒன்றில் மோதினார், ஒன்றில் பலியானார். நீரில் மூழ்கினார் என்று எங்கும் இல்லை. மறுகரையில், முனியராஜின் ஊரில், சனம் தெருவில் இறங்கிச் சாலையை மறிப்பதையும் காட்டினார்கள். “ஐயோ, அந்தப் பொம்பிளைப் பிள்ளையள் இதைப் பாத்திருக்குங்கள்,” என்று அவர் சொன்னது உதயனுக்கு நினைவிருக்கிறது. அவர் அன்று சாப்பிடவில்லை என்பதும் நினைவிருக்கிறது.

பின்னேரம் மூன்று மணிக்கு றொபின்சன் வீட்டுக்குப் பொலிஸார் வந்தார்கள். அவர்கள் கத்திப் பேசவில்லை. பத்திரிகையை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார்கள். உடலில், தலையின் இடப்பக்கத்தில் ஒரு காயம் இருந்ததாம். சங்கக் கூட்டத்தில் றொபின்சன் கத்தியதும் எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருந்தது. வாக்குமூலத்தில் அவனிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவன் நடந்ததைத்தான் சொன்னான்: “பிடிச்சனாங்கள், பிடிச்சு இழுத்து ஏத்தினனாங்கள்.” தண்ணீரில் தாழ்கிறவனின் கையைப் பிடித்த அந்தப் பிடியும், பத்திரிகையில் மடக்கிப் பிடித்த பிடியும் கடதாசியில் ஒன்றாகிவிட்டன. சனிக்கிழமை அவனையும் எமிலியானுஸையும் ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய் நீதவான் முன் நிறுத்தினார்கள். பதினாலு நாள் விளக்கமறியல், சிறைதான்.

காப்பாற்றப்பட்ட மூவரும் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். சொன்னார்கள்தான். ஆனால் இருவர் அலையில் மூச்சுத் திணறிக் கிடந்தவர்கள். முனியராஜின் தலையில் எப்போது அடிபட்டது என்று காணவில்லை. மூன்றாமவருக்கு நினைவே இருக்கவில்லை. அவர்களும் தடுப்பில்தான் இருந்தார்கள். தடுப்பில் உள்ளவன் பயத்தில் சொல்கிறான் என்று அக்கரையில் பேசினார்கள்.

ஞாயிறு காலை, பூசை முடிந்த கையோடு துசாரா கடைக்கு வந்தாள். கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பத்திரிகையை விரித்துப் போட்டோப்பிரதி இயந்திரத்தின் கண்ணாடியில் வைத்தாள்.

“அக்கா, இதை எத்தினை கொப்பி அடிச்சனீங்கள்?”

பிரியவதனி கழுத்துப் பேனையை விரலால் பற்றினார்.

“எத்தினை எண்டு கேக்கிறன். அவ்வளவையும் திருப்பி எடுக்க ஏலுமோ உங்களாலை?”

“நான் சொன்னது அதில்லை, துசாரா.”

“நெடுந்தீவு நிருபர் எண்டு போட்டிருக்கு. அது நீங்கள்தானே? அப்ப இந்தச் சொல்லு ஆரின்ரை?”

அவள் போன பிறகும் பத்திரிகை கண்ணாடியிலேயே கிடந்தது. கடையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கந்தப்பு மட்டும் நின்றார். அறுபது வயது மனிதர், கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“பிள்ளை, ஒரு கதை. நீர் போய் காப்பாத்தினவை, காப்பாத்தினவை எண்டு நிண்டு கொண்டிராதையும். எத்தினை வருசமாக் கத்துறம், ஒருத்தன் திரும்பிப் பாக்கேல்லை. இப்பதான் எல்லாரும் பாக்கிறாங்கள். வலை அறுக்கிறவனை நாங்கள் மடக்குவம் எண்டு ஒரு பயம் வந்திருக்கு.”

“றொபின்சன் மறியலிலை கிடக்கிறான், அண்ணை.”

“வெளியிலை எடுப்பம். வழக்குப் பேசி எடுப்பம். ஆனா அந்தச் சொல்லை விட்டா எங்களிட்டை வேறை ஒண்டுமில்லை.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அதனால்தான் பிரியவதனிக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. திங்கட்கிழமை முதற்படகில் ஏறினார். படகிலும், குறிகாட்டுவான் துறையிலிருந்து யாழ்ப்பாணம் போன பஸ்ஸிலும் யாரோடும் கதைக்கவில்லை.

பத்திரிகை அலுவலகத்தில் பதினான்கு வருடத்தில் அவர் கால் வைத்தது மூன்றோ நாலோ தரம். ஆசிரியர் நல்ல மனிதர். கதிரை காட்டி, தேத்தண்ணி சொல்லி, முழுவதையும் கேட்டார்.

“திருத்தம் போடலாம், பிரியவதனி. ஆனா முதற்பக்கத்திலை ஏலாது. இப்ப போட்டா, அக்கரைக்குப் பயந்து பின்வாங்கினம் எண்டு சொல்லுவினம். கொஞ்சம் ஆறட்டும்.”

“ஆறுற மட்டும் அவன் உள்ளை இருக்கோணுமோ, சேர்?”

“அவருக்காகத் தலையங்கம் எழுதுவம்.”

“தலையங்கம் வேண்டாம். ஒரு சொல்லுத்தான் கேக்கிறன். முதலிலை சொன்ன சொல்லு.”

ஆசிரியர் மேசையில் கிடந்த பேனையை நேராக வைத்தார். பிரியவதனி எழுந்து சுஜிதனின் மேசைக்குப் போனார். குரலால் ஆறு வருடப் பழக்கம். முகத்தை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தார். மெலிந்தவன். மூன்று நாளாகத் தூங்காத கண்கள்.

“மாத்தினது ஆர், தம்பி?”

அவன் தலையைத் தூக்கவில்லை. “நான்தான் அக்கா.”

“மேலையிருந்து சொன்னவையோ?”

“இல்லை. நான்தான்.” பிறகு ஒரேயடியாகச் சொன்னான்: “எங்கடை அப்பா எழுவைதீவிலை கடற்றொழில் செய்யிறவர். போன மாசம் அவரின்ரை வலை அவ்வளவும் அறுந்து போச்சுது. அப்பா கரையிலை இருந்து அழுததை நான் கண்டனான். நீங்கள் காப்பாற்றினர் எண்டு சொல்லேக்கை... ஏலாமப் போச்சுது. எங்கடை சனத்துக்கு ஒரு கௌரவம் எண்டு நினைச்சு மாத்தினனான்.”

“அந்தக் கௌரவத்தோடைதான் அவன் இப்ப மறியலிலை படுக்கிறான்.”

சுஜிதன் முகத்தைக் கையால் துடைத்தான். நாலு மேசை தள்ளி இருந்தவர்கள் கணினியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்கள்.

“நான் சொல்லச் சொல்ல நீர் அடிச்சது இதுக்குள்ளை கிடக்குமோ?”

“கிடக்கும். முதல் அடிச்சது அழியாது. நேரமும் விழும்.”

“அதை எடுத்துத் தாரும். சட்டத்தரணி நிலாந்தினியிட்டைக் குடுக்கப்போறன். நானும் சத்தியக்கடதாசி முடிக்கப்போறன்.”

அவன் ஆசிரியரின் கண்ணாடி அறையைப் பார்த்தான். அந்தத் தாள் வெளியே போனால், மாற்றிய பெயரும் சேர்ந்தே போகும். வேலை போகலாம். பிரியவதனி கெஞ்சவுமில்லை, மிரட்டவுமில்லை. சுஜிதன் விசையைத் தட்டினான். மூலையில் இருந்த அச்சு இயந்திரம் முனகியது. தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பத்திரண்டு. அடியில் தெளிவாக: காப்பாற்றினர்.

அந்த ஒரு தாளால்தான் எல்லாம் சரிவந்தது என்று சொன்னால் அது இன்னொரு பொய்த் தலைப்பாகிவிடும். மரண விசாரணை அறிக்கை வந்தது. நீரில் மூழ்கியதே காரணம், தலைக் காயம் படகின் விளிம்பில் அடிபட்டதாகவே தெரிகிறது என்றிருந்தது. மூவரில் ஒருவர் திரும்பவும் வாக்குமூலம் கொடுத்தார். நிலாந்தினி இவற்றோடு பிரியவதனியின் சத்தியக்கடதாசியையும் அந்தத் தாளையும் வைத்தார். பதின்மூன்றாம் நாள் பிணை. சித்திரைக்கு முன்பு வழக்கே இல்லை என்றானது.

பத்திரிகை ஏழாம் பக்கத்தில், கோழித்தீவன விளம்பரத்துக்கு மேலே, மூன்று வரியில் திருத்தம் போட்டது. அக்கரைத் தொலைக்காட்சி ஒன்றும் போடவில்லை. சுஜிதனை வேலையால் நிறுத்தவில்லை. மரண அறிவித்தல் பகுதிக்கு மாற்றினார்கள். “இஞ்சை நிம்மதி அக்கா. சனம் எழுதித் தந்த சொல்லிலை கை வைக்கேலாது,” என்று அவன் அழைத்துச் சொன்னான். சங்கத்தில் சிலர் இப்போது பத்திரிகையை இவர் கடையில் வாங்குவதில்லை. வேறு தீவிலிருந்து வரும் ஆட்களிடம் சொல்லி எடுக்கிறார்கள். ஆசிரியபீடம் இனிமேல் எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பச் சொன்னது. அனுப்புகிறார். அனுப்பிய பிறகும் வேலியில் ஏறி அழைத்து, ஒவ்வொரு வினைமுற்றாக ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்கிறார்.

துசாரா இன்னும் கடைக்குள் வருவதில்லை. வாசலில் நின்று ரீலோட் போடுவாள். ஒருநாள் மட்டும், “சாப்பிட்டீங்களோ அக்கா?” என்று கேட்டுவிட்டு, மறுமொழியை எதிர்பாராமல் போனாள்.

பங்குனி கடைசியில் ஒரு பின்னேரம், பிரியவதனியின் தொலைபேசிக்கு அக்கரையிலிருந்து ஒரு வீடியோ அழைப்பு வந்தது. விடுதலையாகி ஊர் போன மூவரில் ஒருவர் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார். திரையில் ஒரு பெண். நெற்றியில் ஒன்றுமில்லை. பின்னால் நீலச் சுவர். சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு பெண்பிள்ளைகள்.

“நான் முனியராஜு சம்சாரம்க்கா. டிவில ஒண்ணு சொன்னாங்க, இவுக வந்து ஒண்ணு சொல்றாக. நீங்க பத்திரிகைக்காரவுகளாமே. அவருக்குக் கடைசியில என்ன ஆச்சுன்னு நீங்க சொல்லுங்கக்கா.”

பிரியவதனி வாயைத் திறந்தார். தான் கரைக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. “நில்லுங்கோ அம்மா, போனை வைக்காதையுங்கோ,” என்றார். கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு, தொலைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். றொபின்சன் படகடியில் தனியாக இயந்திரம் கழற்றிக்கொண்டிருந்தான்.

“ஆர் அக்கா?”

“முனியராஜின்ரை மனுசி.”

அவன் எழுந்து கையை சாரத்தில் துடைத்தான். திரையைப் பார்த்தான். அந்தப் பெண்ணும் பார்த்தாள். “அண்ணே...” என்று மட்டும் அவள் சொன்னாள். றொபின்சன் “அக்கா, நான்...” என்று தொடங்கினான், நிறுத்தினான். பொலிஸாரிடமும் நீதிமன்றத்திலும் மனைவியிடமும் சொல்லாதது ஏதோ அவனுக்குள் கிடந்தது. சட்டென்று மணலில் முழங்காலிட்டான். ஒரு கைக்கு மேல் மறு கையை வைத்து, வெறும் மணலை அழுத்தினான். விட்டு அழுத்தினான். திரும்பத் திரும்ப, மூச்சு நின்ற ஒரு மனிதனின் நெஞ்சு அங்கே கிடப்பதுபோல, தோள் இரண்டும் குலுங்கக் குலுங்க, வாய்க்குள் எண்ணி எண்ணி, களைத்து, பிறகும் விடாமல்.

திரையில் அந்தப் பெண் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பிரியவதனி தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்தார். அவனுடைய கைகள் இரண்டும் முழுதாகத் தெரியும்படி ஓரடி பின்னுக்கு நகர்ந்தார்.